ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் எத்தனை நிமிஷம்? டேட்டாபேஸில் கழிக்க நாலு வழிகள்

சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. நம்ம வாயில் மட்டும் இன்னும் பழைய பெயர்தான். அந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: “அண்ணே, ஒவ்வொரு லாரியும் ஒரு நடை போட்டுட்டு அடுத்த நடைக்கு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு மேனேஜர் கேட்கிறார். டேபிள்ல நேரம் எல்லாம் இருக்கு. ஒரு வரியை அதுக்கு மேல இருக்குற வரியோட எப்படிக் கழிக்கிறது?” அதே வாரத்தில் கல்லூரி புராஜெக்ட் செய்யும் ஒரு பெண்ணும் கிட்டத்தட்ட இதையே கேட்டார். இருவருமே நாலு விதமான பதில்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். எனவே இந்த ஒப்பீடு.

மேனேஜர் சும்மா கேட்கவில்லை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அடிபட்ட பழத்தில் லைபேஸ் என்சைம் எண்ணெயை உடைக்கத் தொடங்கும், கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் கைவைப்பார்கள். அதனால் லாரி எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது காசு சம்பந்தப்பட்ட கேள்வி.

தம்பி அனுப்பிய சீட்டுகளில் ஒரு காலைப்பொழுது மட்டும் இதோ. எடைமேடை, அதாவது நாம் திம்பாங் என்போமே, அதில் லாரி ஏறிய நேரம்:

| சீட்டு எண் | லாரி | ஏறிய நேரம் |
|---|---|---|
| 4101 | 3 | காலை 7:12 |
| 4102 | 5 | காலை 7:25 |
| 4103 | 3 | காலை 8:40 |
| 4105 | 5 | காலை 9:55 |
| 4106 | 3 | காலை 10:10 |

கையால் போட்டால் மூன்றாம் நம்பருக்கு 88 நிமிஷம், அப்புறம் 90. ஐந்தாம் நம்பருக்கு 150. அந்த 150-இல்தான் மேனேஜர் விரலை வைத்தார். சீட்டு 4104 இல்லை என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

வேகத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். தோட்டத்து டேபிள் எதுவும் அவ்வளவு பெரிதில்லை.

முதலில் கேட்க வேண்டியது, “முந்தின” என்றால் எது? ஒரே லாரியின் முந்தின நடையா, எடைமேடையில் அதற்கு முன் ஏறிய எந்த லாரியுமா? நேற்று மாலைக் கடைசி நடை இன்று காலை முதல் நடைக்கு முந்தினதா? இதற்குப் பதில் சொல்லாமல் எந்த வழியில் இறங்கினாலும் விடை தப்பாகத்தான் வரும். தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாதபடி வரும், அதுதான் தொல்லை.

இரண்டாவது, பழைய பதிவுகள் பிறகு மாறுமா? சீட்டு தாமதமாக வருமா, கேன்சல் ஆகுமா, நேரத்தைத் திருத்துவார்களா? மூன்றாவது, ஆபீஸில் இருக்கும் டேட்டாபேஸ் எது, எந்தப் பதிப்பு. நாலாவது, நீங்கள் விட்டுப் போன பிறகு அடுத்த கிராணி அதைப் படித்துப் புரிந்துகொள்வாரா. ஐந்தாவதுதான் வேகம். நாலு வழிகளும் இதில் எப்படி நிற்கின்றன என்பது இதோ, ஒவ்வொன்றும் என்னவென்று கீழே சொல்கிறேன்:

| | லேக் | செல்ஃப் ஜாயின், சப்குவரி | எழுதும்போதே சேமிப்பது | எக்செல், பைத்தான் |
|---|---|---|---|---|
| சீட்டு பிறகு மாறினால் | தானே சரியாகும் | தானே சரியாகும் | இரண்டு, மூன்று வரிகளைத் திருத்த வேண்டும் | மறுபடி இறக்க வேண்டும் |
| பழைய டேட்டாபேஸ் | ஓடாது | ஓடும் | பெரும்பாலும் ஓடும் | கவலையில்லை |
| அடுத்தவருக்குப் புரிவது | ஒருமுறை சொன்னால் போதும் | சிரமம் | ட்ரிகர் கண்ணில் படாது | எக்செல் எளிது |
| வேகம் | நன்று | இண்டெக்ஸ் இருந்தால் நன்று | படிக்க மிக வேகம் | அளவைப் பொறுத்தது |

## வழி 1: லேக்

முந்தின வரியில் இருப்பதை இந்த வரிக்குக் கொண்டுவந்து கொடுப்பது லேக். அடுத்த வரி வேண்டுமென்றால் லீட். தம்பியின் டேபிளுக்கு முக்கியமான துண்டு இவ்வளவுதான்:

லேக்(ஏறிய_நேரம்) ஓவர் (பார்ட்டிஷன் பை லாரி, வேலை_நாள் ஆர்டர் பை ஏறிய_நேரம், சீட்டு_எண்)

“முந்தின என்றால் எது” என்ற கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியிலேயே எழுதப்பட்டிருப்பதால்தான் எனக்கு இதன்மேல் பிரியம். லாரி வாரியாகப் பிரி, நாள் வாரியாகப் பிரி, நேரப்படி அடுக்கு. கடைசியில் சீட்டு எண்ணைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு சீட்டில் ஒரே நேரம் பதிந்திருந்தால் எது முன், எது பின் என்று டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். இன்று ஒரு விடை, நாளை வேறு விடை. சீட்டு எண் அந்தச் சண்டையைத் தீர்த்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதிலும் உண்டு. வேர், அதாவது எந்த வரிகளை எடுப்பது என்று சொல்லும் நிபந்தனை, முதலில் ஓடும், லேக் பிறகுதான் ஓடும். “9 மணிக்கு மேற்பட்ட சீட்டு மட்டும்” என்று அதே குவரியின் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியின்) வேரில் போட்டால் ஐந்தாம் நம்பரின் 7:25 சீட்டு முன்னாடியே வெளியே போய்விடும். 9:55-க்கு முந்தினது எதுவுமே இல்லாமல் நல், அதாவது ‘மதிப்பு இல்லை’ என்ற குறி, வரும். அதனால் இடைவெளியை உள்ளே கணக்கிட்டு, வடிகட்டுவதை வெளிக் குவரியில் வைக்க வேண்டும். அப்படி வெளியே வைத்தால் சில வேளை டேட்டாபேஸ் மொத்த டேபிளையும் படித்த பிறகுதான் வடிகட்டும். நிபந்தனையை உள்ளே தள்ளினால் விடை மாறிவிடும் என்று அதற்குத் தெரியும். பார்ட்டிஷனில் உள்ள லாரி, நாள் இரண்டையும் உள்ளேயே வடிகட்டலாம், ஒன்றும் கெடாது.

ஒவ்வொரு லாரியின் முதல் நடைக்கும் நல் வருவது தப்பில்லை. அதைப் பார்த்துப் பயந்து 0 என்று மாற்றுவதுதான் தப்பு. மூன்றாம் நம்பருக்குச் சராசரி 89 நிமிஷம். முதல் நடைக்கு 0 போட்டுச் சராசரி எடுத்தால் 59. அரை மணி நேரம் அப்படியே காணாமல் போகிறது, லாரி டிரைவருக்கு நல்ல பெயரும் கிடைக்கிறது.

அடுத்தது நாள். இதில் நானே ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். வேறொரு தோட்டத்து ஆபீஸுக்கு இதே மாதிரி அறிக்கை செய்து கொடுத்தேன். பார்ட்டிஷனில் லாரியையும் தேதியையும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். தாளைப் பார்த்த மூத்த கிராணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “தம்பி, இந்த லாரி ராத்திரி பூரா காட்டுலயே படுத்திருந்துச்சா?” தாளில் 832 நிமிஷம் என்று இருந்தது. மாலை 5:20-க்கும் மறுநாள் காலை 7:12-க்கும் உள்ள தூரம் அது. சர்வர் யூடிசியில், அதாவது நம்மைவிட 8 மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு மாலை 5:20 என்றால் யூடிசியில் காலை 9:20. மறுநாள் காலை 7:12 என்றால் அங்கே இன்னும் முந்தின நாள் இரவு 11:12. இரண்டும் ஒரே தேதி. அதனால் இரவு முழுவதும் ஒரே நடையாகிவிட்டது. நம்ம 8:40 அங்கே அடுத்த நாள் 0:40 ஆவதால், உண்மையான 88 நிமிஷ நடை பார்ட்டிஷன் எல்லையில் அறுந்து நல் ஆகிவிட்டது. வேண்டாதது உள்ளே, வேண்டியது வெளியே.

யூடிசி தேதி மாறுவது நமக்குக் காலை 8 மணிக்கு. பெரட்டு (காலையில் ஆள் கூப்பிடுவது) முடிந்து வேலை தொடங்கி, முதல் லாரி வந்த பிறகுதான் தேதியே மாறும். ஆகவே யூடிசி நேரத்தோடு 8 மணி நேரம் கூட்டிய பிறகுதான் வேலை நாள் எது என்று எடுக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப் வகை உள்ளே யூடிசியாகச் சேமித்து, காட்டும்போது இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். டேட்டைம் வகை எழுதியதை அப்படியே வைத்திருக்கும். உங்கள் டேபிளில் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவு) புத்தகங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல்தான் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தோம்.

லேக் எந்த டேட்டாபேஸில் ஓடும்? போஸ்ட்கிரெஸ் 8.4 (2009), எஸ்கியூஎல் சர்வர் 2012, மரியாடிபி 10.2 (2017), மைஎஸ்கியூஎல் 8.0 (2018), எஸ்கியூலைட் 3.25 (2018), இவற்றிலும் இவற்றுக்குப் பிறகு வந்தவற்றிலும். ஆக்சஸில் கிடையாது.

## வழி 2: செல்ஃப் ஜாயின் அல்லது சப்குவரி

ஒரே டேபிளை இரண்டு பெயரில் எடுத்து, ஒன்றோடொன்று சேர்ப்பது. பலரும் முதலில் எழுதுவது “சீட்டு எண் சமம் மற்றதன் சீட்டு எண் கழித்தல் 1”. நம்ம டேபிளில் போட்டுப் பாருங்கள். 4102-க்கு முன் 4101, ஆனால் அது வேறு லாரி. 4105-க்கு முன் 4104, அந்தச் சீட்டே இல்லை. தானே ஏறும் எண்களில் ஓட்டை விழுவது சாதாரணம். அழித்த வரி, பாதியில் நின்ற பதிவு, எதனாலும் விழும். இந்த வடிவத்தைக் கையிலேயே எடுக்க வேண்டாம்.

அடுத்த வடிவம், அதே லாரியின் இதைவிடப் பழைய எல்லாச் சீட்டுகளோடும் சேர்த்து, அவற்றில் பெரிய நேரத்தை எடுப்பது. விடை சரியாக வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லாரி, நாளுக்கு நாலு நடை, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 12,000 சீட்டு, ஐந்து ஆண்டுக்கு 60,000. லாரிக்கு 6,000 சீட்டு. ஒவ்வொன்றும் தனக்கு முந்தின எல்லாவற்றோடும் சேரும்போது லாரிக்கு ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஜோடி, பத்து லாரிக்கு 18 கோடி. தே தாரேக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதே வேலையைச் சப்குவரியாக, அதாவது குவரிக்குள் இன்னொரு குவரியாக, எழுதி, ஒவ்வொரு சீட்டுக்கும் “இதே லாரி, இதைவிடக் குறைந்த நேரம், அதில் மிகப் பெரியது” என்று கேட்டு, லாரி, நேரம் என்ற வரிசையில் ஒரு கூட்டு இண்டெக்ஸும் (தேடும் வரியை உடனே காட்டும் அடைவு) போட்டுவிட்டால் கதை மாறும். ஒவ்வொரு சீட்டுக்கும் இண்டெக்ஸில் நேராக ஓர் இடத்துக்குப் போய் ஒரு வரியை எடுத்துவரும். 60,000 தேடல்தான், வலிக்காது. இண்டெக்ஸ் இல்லாமல் இந்த வழியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

மறைந்த செலவு, சம நேரங்கள். “குறைந்த” என்று எழுதினால் ஒரே நிமிஷத்தில் பதிந்த இரண்டு சீட்டுகள் ஒன்றையொன்று பார்க்காது, இரண்டும் மூன்றாவதையே முந்தினதாக எடுக்கும். “குறைந்த அல்லது சம” என்று எழுதினால் சீட்டு தன்னையே முந்தினதாக எடுத்துக்கொண்டு 0 காட்டும். சீட்டு எண்ணையும் நிபந்தனைக்குள் கொண்டுவந்துதான் சரி செய்ய முடியும், அப்போது குவரி இன்னும் கொஞ்சம் முடிச்சாகும்.

பழைய மைஎஸ்கியூஎல் கையேடுகளில் ஒரு மாறியில் முந்தின நேரத்தை வைத்துக்கொண்டே வரும் தந்திரம் ஒன்று இருக்கும். எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 8.0.13-லிருந்து அப்படி மாறிக்கு மதிப்பு ஏற்றுவதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். விட்டுவிடுங்கள்.

ஆபீஸில் இன்னும் மைஎஸ்கியூஎல் 5.7-ஓ ஆக்சஸோ ஓடுகிறது, மாற்ற அனுமதியும் கிடைக்காது என்றால் இதுதான் வழி.

## வழி 3: எழுதும்போதே இடைவெளியைச் சேமிப்பது

சீட்டைப் பதியும் போதே முந்தின நேரத்தைத் தேடி, இடைவெளியைத் தனிப் பத்தியில் எழுதிவிடுவது. ட்ரிகர் (வரி பதியும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் சிறு நிரல்) வைத்தோ, நிரலிலேயோ செய்யலாம். படிக்கும்போது ஒரு வேலையும் இல்லை. கேட்க இனிமையாக இருக்கிறது, தம்பிக்கும் முதலில் இதுதான் பிடித்திருந்தது.

இப்போது 4104-க்கு வருவோம். அந்தச் சீட்டில் லாரி நம்பர் தப்பாக எழுதப்பட்டு, கேன்சல் செய்து, ஒரு வெள்ளைத்தாளில் கையால் மறுபடி எழுதியிருந்தார்கள். தாள் மேசை டிராயரில் கிடந்தது. மாலையில் மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) வந்து கேட்ட பிறகுதான் பதிந்தார்கள்: ஐந்தாம் நம்பர், காலை 8:35. அப்படியானால் 150 நிமிஷம் என்று ஒன்று நடக்கவே இல்லை. 70, அப்புறம் 80. மூன்றாம் நம்பரைவிட ஐந்தாம் நம்பர்தான் வேகம்.

லேக்கோ சப்குவரியோ வைத்திருந்தால் அடுத்த முறை ஓட்டும்போது 150 தானாகவே 70, 80 என்று பிரிந்திருக்கும். சேமித்து வைத்த முறையில் 4104-க்கு 70 என்று எழுதப்படும். ஆனால் 4105-இல் பழைய 150 அப்படியே உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு வரி நுழைந்தால் அதற்கு அடுத்த வரியையும் திருத்த வேண்டும். நேரத்தைத் திருத்தினாலும் அப்படியே. லாரி நம்பரை மாற்றினால் பழைய லாரியின் அடுத்த வரி, புதிய லாரியின் அடுத்த வரி, இந்த வரி என்று மூன்று இடம். இதையெல்லாம் ட்ரிகரில் எழுத முடியும், நான் எழுதியும் இருக்கிறேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதியும்போது என்ன ஆகும் என்று யோசிக்கத் தொடங்கிய இடத்தில் கைவிட்டேன்.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. இயந்திரம் தானே எழுதுகிறது, எழுதிய எதையும் யாரும் தொட மாட்டார்கள், நிமிஷத்துக்கு நூறு தடவை படிக்க வேண்டும் என்ற நிலை. வினாடிக்கொரு முறை பதியும் கொதிகலன் வெப்பமானி போல. மனிதர் கையால் எழுதும் சீட்டுக்கு வேண்டாம்.

ஒரே சீட்டில் நிறைந்த லாரி ஏறிய நேரமும் காலி லாரி ஏறிய நேரமும் இரண்டு பத்திகளாக இருந்தால் இந்தத் தலைவலி எதுவுமே இல்லை. அது ஒரே வரிக்குள் நடக்கும் கழித்தல். சிலர் அதற்கும் லேக் தேடி அலைகிறார்கள்.

## வழி 4: வெளியே இறக்கிக் கழிப்பது

எக்செலில் லாரி வாரியாக, பிறகு நேர வாரியாக அடுக்கி, மேல் வரியின் லாரி இதே லாரி என்றால் கழி, இல்லையென்றால் காலி விடு. ஒரு சூத்திரத்தைக் கீழே இழுத்தால் முடிந்தது. மாதம் ஒருமுறை, ஒரே ஒருவர் பார்க்கும் தாளுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. கிராணிகளுக்குப் பழக்கப்பட்ட இடமும்கூட.

செலவு எங்கே என்றால், யாராவது சீட்டு எண் வாரியாக மறுபடி அடுக்கினால் எல்லாச் சூத்திரமும் மேலே இருக்கும் வேறு லாரியைப் பார்க்கும். கழித்தால் மைனஸ் வந்தால் நேரத்துக்குப் பதில் வெறும் வேலி அடையாளமாக நிறையும். 24 மணிக்கு மேற்பட்ட இடைவெளி சாதாரண நேர வடிவத்தில் சுற்றி வந்து மறுபடி சின்ன எண்ணாகத் தெரியும். கணினி அமெரிக்கத் தேதி முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 3/4 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகும். இதை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கும் கொடுமை தனி.

பைத்தானில் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு இருந்தால் லாரி வாரியாகக் குழுவாக்கி டிஃப் என்று ஒரு சொல் போதும். அதற்கு முன் அடுக்க மறக்க வேண்டாம். விடையில் செகண்ட்ஸ் என்று கேட்டால் முழு நாட்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தரும். டோட்டல் செகண்ட்ஸ் என்று கேளுங்கள். புராஜெக்ட் செய்யும் அந்தப் பெண் இதைத்தான் எடுத்துக்கொண்டார். வரைபடமும் போட வேண்டியிருந்ததால் அவருக்கு அது சரிதான்.

## எந்த வழியானாலும் கழித்தலைக் கவனியுங்கள்

மைஎஸ்கியூஎல்லில் இரண்டு நேரங்களுக்கு நடுவே வெறும் மைனஸ் போட்டால் அது நேரங்களை எண்களாக மாற்றிக் கழிக்கும். 8:40-லிருந்து 7:12-ஐக் கழித்தால் 84000 கழித்தல் 71200, விடை 12800. ஒரு மணி 28 நிமிஷம் என்று படிக்கலாம், சரியாகவே இருக்கிறது. 9:55-லிருந்து 7:25-ஐக் கழித்தால் 23000, அதுவும் சரி. நம்பிவிடுவீர்கள். மூன்றாவதாக 10:10-லிருந்து 8:40-ஐக் கழித்தால் 17000. ஒரு மணி எழுபது நிமிஷம்! டைம்ஸ்டாம்ப்டிஃப் போடுங்கள்.

அதிலும் மணிக்கணக்காகக் கேட்காதீர்கள். அதே 90 நிமிஷத்தை மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப்டிஃப் முழு மணிகளாக எண்ணி 1 என்று சொல்லும். எஸ்கியூஎல் சர்வரின் டேட்டிஃப் 8, 9, 10 என்று மணி எத்தனை முறை மாறியது என்று எண்ணி 2 என்று சொல்லும். போஸ்ட்கிரெஸில் இடைவெளியிலிருந்து மினிட் என்று பிரித்தெடுத்தால் 88 நிமிஷத்துக்கு 28தான் வரும், மணி தனியாகப் போய்விடும். ஈப்பாக் என்று எடுத்தால் மொத்த வினாடியும் வரும். வினாடியில் எடுத்து, கடைசியில் 60-ஆல் வகுப்பதே நல்லது.

## தம்பிக்கு என்ன சொன்னேன்

அவர் ஆபீஸில் இருப்பது மைஎஸ்கியூஎல் 8. சீட்டுகள் தாமதமாக வரும், கேன்சல் ஆகும். லேக்கை ஒரு வியூவாக (டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்து வைத்த குவரியாக) எழுதி வைத்துவிட்டு, எக்செலை அந்த வியூவோடு இணைத்துக்கொள்ளச் சொன்னேன். மேனேஜருக்குத் தெரிந்த தாள் அப்படியே இருக்கும், கழித்தல் மட்டும் டேட்டாபேஸில் நடக்கும். வியூவில் சீட்டு எண் தாண்டிப்போன இடங்களையும் தனிப் பத்தியில் காட்டும்படி சேர்த்தோம்.

முதல் வாரத்திலேயே அந்தப் பத்தியில் மூன்று எண்கள் வந்தன. தம்பி எழுந்து போய் டிராயரைத் திறந்தார்.